மெர்சி என்றால் இன்னும் இரண்டு இட்லி

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு ஹாலில், என்னுடைய பிரெஞ்சுப் புலமை காலமானது. நான்கு பேர் முன்னிலையில். நடுவில் ஒரு தட்டு மசால் வடை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் பிரான்ஸ் பயணம், அந்த வடைத் தட்டு வைத்திருந்த ஸ்டூலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்து விழ இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் குடியிருப்பது ஒரு மொட்டைமாடி அறையில். கீழே வீட்டுக்காரர் முருகன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவர் மனைவி வசந்தா, அதே பேட்டையில் பிஸ்கட் பேக்கிங். ஒரே மகள் கௌசல்யா. எங்கள் எல்லோருக்கும் கௌசி. பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டாம் மொழி பிரெஞ்சு.

வெளியூர் வாசகர்கள் உடனே ரொமான்டிக்காகக் கற்பனை செய்யவேண்டாம். புதுச்சேரியில் பிள்ளைகள் பிரெஞ்சு எடுப்பதற்குக் காரணம் பிரான்ஸ் மேல் உள்ள காதல் இல்லை. மார்க். பிரெஞ்சில் அள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. அப்படி மார்க்குக்காக எடுத்த பாடம், கௌசியை நிஜமாகவே பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பக்கம் போனால் தெருப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே நடப்பாள். வசந்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம். பிரான்ஸில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பேர் இங்கே வந்து பதினைந்து நாள் தங்குவார்கள். ஹோட்டலில் இல்லை, மாணவர்களின் வீடுகளில். மே மாதம் நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அங்கே போய், அதே ஆட்களின் வீடுகளில் பதினைந்து நாள் தங்குவார்கள். ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு. உன் வீட்டில் யார் சாப்பிட்டார்களோ, அவர்கள் வீட்டில் நீ சாப்பிடுவாய்.

இதில் ஒரு சிக்கலான விதி உண்டு. வந்த விருந்தாளிக்கு வீடு ஒத்துவரவில்லை என்றால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். விருந்தாளியோடு சேர்ந்து பயணமும் அந்த வீட்டுக்கே போய்விடும்.

ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை உள்ள வீட்டில் கௌசி அந்தப் படிவத்தை எப்படி நிரப்பினாள் என்று நினைக்கிறீர்கள்? 'விருந்தினருக்குத் தனிப் படுக்கை உண்டா?' என்ற கேள்விக்கு, 'உண்டு' என்று எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். முருகன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்கு, என் அறைக்கு, வந்துவிட்டார். வசந்தா கம்பெனியில் பதினைந்து நாள் லீவு சொன்னாள். வீடு ரெடி.

மொழிபெயர்ப்பாளர்? அதுவும் ரெடி. மாடியிலேயே இருந்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் படிப்பு வரலாறு தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பாதி. அப்புறம் லாரி கிளீனராக நாக்பூர் வரை, சூரத்தில் ஒரு முறுக்குக் கம்பெனி, நடுவில் மூன்று மாதம் எதுவுமே இல்லை... கடைசியில், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பாரீஸுக்கு வெளியே நடத்திய ஓட்டலில் பாத்திரம் தேய்க்க ஒன்றரை வருடம். ஐந்து பேருக்கு மூன்று மெத்தை. ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருவன் அதே சூட்டில் படுப்பான். அதுவும் ஒரு பரிமாற்றத் திட்டம்தான். சான்றிதழ் மட்டும் கிடையாது.

ஆனால் ஒன்றரை வருட பிரான்ஸ் என்பது எங்கள் தெருவில் டாக்டர் பட்டத்துக்குச் சமம். பிரான்ஸிலிருந்து யாருக்காவது ஒரு கடிதாசி வந்தால் முதலில் என்னிடம்தான் வரும். நான் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பேன், தலையாட்டுவேன். பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கு வரும் பென்ஷன் கடிதாசியில் வேறென்ன இருக்கப்போகிறது?

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வந்து இறங்கினாள். பெயர் மனோன். கௌசி வயதுதான். மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக, கையில் ஒரு சாக்லேட் டப்பாவும், முகத்தில் கொஞ்சம் பயமும்.

"மனோனா? நம்ம மனோன்மணி!" என்றாள் வசந்தா. அந்த நிமிடத்திலிருந்து அவள் எங்கள் தெருவுக்கே மனோன்மணி.

சனிக்கிழமை காலை. இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. வசந்தா தட்டில் நான்கு வைத்தாள். மனோன் ஒவ்வொன்றாக, பரீட்சை எழுதுவதுபோலப் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்தாள். வசந்தா உடனே ஒரு ஈடு இட்லியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். மனோன் புன்னகைத்தாள். கையை லேசாகத் தூக்கினாள்.

"மெர்சி."

வசந்தா என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணே சொல்லுது?"

"நன்றின்னு சொல்லுது. புடிச்சிப் போச்சாம். வை வை."

வசந்தா இரண்டு வைத்தாள்.

மனோன் தட்டைப் பார்த்தாள். வசந்தாவைப் பார்த்தாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். முடித்தாள். வசந்தா மறுபடி நீட்டினாள்.

"மெர்சி, மதாம்."

"இப்ப மதாம்னு வேற சொல்லுது. மரியாதையப் பாரு. இன்னும் ரெண்டு வை" என்றேன் நான்.

எட்டு இட்லி. வெள்ளைக்காரப் பெண் எட்டு இட்லி சாப்பிட்டாள் என்ற செய்தி பத்து மணிக்குள் மூன்று தெரு தாண்டிவிட்டது. வசந்தாவின் நடையே மாறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் அவளுக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் — அடுத்தவர் வீட்டில் தட்டில் மிச்சம் வைக்காதே, அவமரியாதை. இது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அதனால் அவள் தட்டைக் காலி செய்துகொண்டே இருந்தாள். நம் வீடுகளில் விருந்தாளியின் காலித் தட்டு என்பது என்ன? வீட்டுக்காரி மேல் போடப்பட்ட வழக்கு! வசந்தா அதைத் தள்ளுபடி செய்ய நிரப்பிக்கொண்டே இருந்தாள். அவள் காலி செய்ய, இவள் நிரப்ப, இவள் நிரப்ப, அவள் காலி செய்ய... நடுவில் நீதிபதியாக நான்.

ஞாயிறு மதியம் வஞ்சிரம் வறுவலும் மீன் குழம்பும். கௌசிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"மாமா, அவ மூஞ்சியப் பாருங்க. அழுவற மாதிரி இருக்கு."

"காரம் கௌசி. நம்ம குழம்பு அப்படி."

"இல்ல மாமா. வந்த அன்னிக்கி நைட்டு அம்மா தோசை வெக்கும்போது 'நோன், மெர்சி'ன்னு சொன்னா. நோன்னா இல்லதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா சொன்னாள்.

"மொத தடவ யாருடி சரின்னு சொல்லுவாங்க? வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதக் கேட்டு எடுத்துக்கினு போயிடறதா? அப்பறம் நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"அதுக்கப்பறம் நோன் சொல்றதையே விட்டுட்டாம்மா. வெறும் மெர்சிதான் சொல்றா."

"பாத்தியா?" என்றேன் நான், வெற்றியோடு. "கூச்சம் போயிடுச்சி. வேணாம்னா நோன்னு சொல்லும். மெர்சின்னா நன்றி. ஒன்றரை வருஷம் அந்த ஊர்ல குப்ப கொட்டினவன் சொல்றேன்."

கௌசி லேசில் விடுகிற பெண் இல்லை. போனை எடுத்து மொழிபெயர்க்கும் ஆப்பில் 'மெர்சி' என்று தட்டினாள். 'நன்றி' என்று வந்தது. ஆப்பும் என் பக்கம். அதற்கு மேல் அவள் என்ன செய்வாள்? போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மனோனிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளியிடம் 'போதுமா?' என்று கேட்பவர்கள் நம்மில் யார்? 'இன்னும் கொஞ்சம்?' என்போம். 'ரசம் ஊத்தட்டா?' என்போம். 'போதுமா' என்று கேட்டால் 'எழுந்திரு' என்று அர்த்தம். பதினாறு வயதுப் பெண்ணாக இருந்தாலும் கௌசிக்கும் அது தெரியும். அந்தக் கேள்வி அவள் வாயில் வரவே இல்லை.

திங்கட்கிழமை பூரி. எண்ணிக்கை வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வகுப்பில் உட்கார்ந்திருந்த மனோன் எழுந்து வாசலுக்கு ஓடி, படிக்கட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மதியம் வசந்தாவுக்குப் பள்ளியிலிருந்து போன். பேசியது அமலா மிஸ், பிரெஞ்சு டீச்சர், இந்தத் திட்டத்துக்கே அவர்தான் பொறுப்பு. நலம் விசாரிப்பு எல்லாம் இல்லை. முதல் கேள்வியே இதுதான்:

"வீட்ல பாப்பாவுக்கு என்ன தண்ணி குடுக்கறீங்க?"

கேன் தண்ணீர் வாங்கி, அதையும் கொதிக்கவைத்து, ஆறவைத்து, புது பாட்டிலில் ஊற்றி, மேலே துணி கட்டி வைத்தவள் வசந்தா. அதையெல்லாம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் 'சரிம்மா, சரிம்மா' என்று கேட்டுக்கொண்டார்கள். சின்ன வீட்டிலிருந்து போகும் விளக்கத்தை எப்படிக் கேட்பார்களோ, அப்படி.

"சாயங்காலம் வேன்ல வர்றோம். அவ பேக்க எடுத்து வெச்சிடுங்க" என்று முடித்தார் மிஸ்.

ஐந்தரைக்கு வேன் வந்தது. அமலா மிஸ் முதலில் இறங்கினார். பின்னால் மனோன், வெளிறிப்போய். கடைசியில் கௌசி. டிரைவர் இன்ஜினை நிறுத்தவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் மிஸ், நின்றபடியே. நிஜமாகவே சங்கடப்பட்டார். கெட்டவர் இல்லை. "அவங்க அப்பா அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும். டாக்டர் வயிறு சரியில்லன்னு சொல்லிட்டார். லிஸ்ட்ல அடுத்து இருக்கற பொண்ணு வீட்ல ரூம் ரெடியா இருக்கு. தனி பாத்ரூம், ஏசி எல்லாம் இருக்கு. நான் பேசிட்டேன்."

அவ்வளவுதான். கௌசியின் மே மாதம் அந்த ஒரு வாக்கியத்தில் ஏறி வேனுக்குள் போய்விட்டது.

கௌசி அழவில்லை. உள்ளே போனாள். கொடியில் காய்ந்த மனோனின் சட்டைகளை எடுத்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். சட்டையின் கையை இரண்டாக மடித்து, நீவி, மறுபடி பிரித்து, மறுபடி மடித்து... நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

வசந்தா என்ன செய்தாள் தெரியுமா? அடுப்பைப் பற்றவைத்தாள். தன் மகளின் பயணத்தைப் பிடுங்கிக்கொண்டு போக வந்திருந்தாலும், வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. டீ போட்டாள். மத்தியானம் பதற்றத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல் சுட்டுவைத்த மசால் வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். மிஸ்ஸுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, தட்டை மனோன் பக்கம் நீட்டினாள். பழக்கதோஷம்.

மனோன் பின்னால் சாய்ந்தாள். கையை லேசாகத் தூக்கினாள்.

"மெர்சி, மதாம்."

வசந்தா ஒரு வடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னம்மா நீங்க?" அமலா மிஸ் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அதான் வேணாங்கறாளே. ஏன் கையில வெக்கிறீங்க?"

"எப்ப மிஸ் வேணான்னா?"

"இப்பச் சொன்னாளே. மெர்சின்னு."

"மெர்சின்னா நன்றிதான மிஸ்?"

"நன்றிதான்மா. யாராவது சாப்பாடு நீட்டும்போது மெர்சின்னா, 'நன்றி, எனக்கு வேணாம்'னு அர்த்தம். வேணும்னா 'உய்'ன்னு சொல்லுவா. எங்கப்பா சொல்தா, பிரெஞ்சு மிலிட்டரி. எங்க வீட்டு மேசையில நாங்க அப்படித்தான் பேசுவோம். உங்களுக்கு யாரு..."

வசந்தா மெதுவாகத் திரும்பினாள். உள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்த கௌசியும் வாசல்படிக்கு வந்து நின்றாள். என்ன நடக்கிறது என்று புரியாத மனோனும், எல்லோரும் பார்க்கிறார்களே என்று பார்த்தாள்.

என்னை.

"இன்னாண்ணே?" என்றாள் வசந்தா. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "ஒன்றர வருஷம் அங்க இருந்தேன்னு சொன்னீங்க?"

இருந்தேன். பொய் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் எங்கே நின்றேன்? தொட்டிப் பக்கம். 'சீக்கிரம்' தெரியும். 'சூடு, தள்ளு' தெரியும். 'உடைச்சிட்டியா?' தெரியும். யாராவது ஒரு சிகரெட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு 'மெர்சி' சொல்லத் தெரியும். ஒரு பிரெஞ்சு வீட்டு மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று என்னிடம் யாரும் தட்டை நீட்டியதில்லை. வேண்டாம் என்ற சொல் எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்வதற்கு, முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

"என்னைய அங்க யாரும் ரெண்டாவது தடவ கேட்டதில்ல வசந்தா" என்றேன்.

வருத்தமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

ஒரு மொழியில் கேட்டு வாங்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு வீடு வேண்டும். இந்தப் பிள்ளைகளை ஹோட்டலில் போடாமல் வீடுகளில் தங்கவைக்கிறார்களே, அதன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, காரணம் உறைத்தது. வேன்?

வேன் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அமலா மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "தண்ணியப் பத்திக் கேட்டதுக்கு சாரிம்மா" என்றார். "ஆனா அந்த வீட்ல சொல்லிட்டேனே... பொண்ணு பயந்துபோயும் இருக்கா."

அப்போது கௌசி நேராக மனோன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த வடையை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிரெஞ்சில் பேச ஆரம்பித்தாள். பாடப் புத்தகத்துப் பிரெஞ்சு இல்லை. தடுக்கி, நிறுத்தி, ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒட்டவைத்து, கையால் இட்லி வரைந்து காட்டி... மனோன் முதலில் முழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மடை திறந்த மாதிரி அவளும் பேச ஆரம்பித்தாள்.

"மெதுவா, மெதுவா" என்று கௌசி தமிழிலேயே கெஞ்சினாள். அது அவளுக்குப் புரிந்தது.

"இன்னாடி சொல்லுது?" வசந்தா கேட்டது என்னிடம் இல்லை. கவனித்தீர்களா? மகளிடம். வேலை போனது போனதுதான்.

"தட்டுல மிச்சம் வெச்சா நீ கோச்சிக்குவன்னு நெனச்சி எல்லாத்தையும் சாப்ட்டாளாம்மா. எப்படி நிறுத்தறதுன்னே தெரியலயாம். ராத்திரியெல்லாம் படுக்கவே முடியலயாம்."

"ஐயோ, பாவி நானு!"

"இரும்மா. அவ போவலயாம். இங்கயே இருக்கறாளாம். ஆனா..." கௌசி நிறுத்தினாள்.

"ஆனா?"

"அவளே போட்டுச் சாப்பிடறாளாம். நீ வெக்கக்கூடாதாம்."

வசந்தாவின் முகம் மாறியது. நான் பார்த்தேன். தண்ணீர் பற்றிக் கேட்டபோது பட்ட அடியைவிட இது பெரிய அடி.

"நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கும்போது, வந்த பொண்ணு தானா போட்டுக்கினு சாப்புடுமா? ஓட்டல்லயா இருக்குது? அப்பறம் நான் எதுக்குடி இந்த வீட்ல?"

"அங்க அப்படித்தாம்மா. எல்லாரும் அவங்கவங்க போட்டுப்பாங்க. மே மாசம் நான் போனாலும் அப்படித்தான் சாப்பிடணும்."

வசந்தா மகளையே பார்த்தாள்.

"அப்ப உனக்கு யாரு வெப்பா?"

"யாரும் வெக்க மாட்டாங்கம்மா. பாத்திரம் சுத்தி வரும். வேணும்னா எடுத்துக்கணும். ஒரு தடவதான் கேப்பாங்க."

மிஸ் ஆமாம் என்று தலையாட்டினார். நானும்தான் ஆட்டினேன், ஆனால் என்னை யாரும் பார்க்கவில்லை.

பதினாறு வருடமாகத் தட்டில் வைத்து வைத்து வளர்த்த பெண், யாரும் வைக்காத ஒரு மேசையில் போய் உட்காரப்போகிறாள். அதற்கு 'சரி' சொன்னால்தான் அவள் போகமுடியும். வேனுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது அந்த ஒரு 'சரி'தான்.

வசந்தா சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் குழம்புக் கரண்டி. அதை மனோன் கையில் கொடுத்தாள்.

"இந்தா மனோன்மணி. நீயே போட்டுக்கோ. ஆனா பசின்னா வாயத் தொறந்து கேக்கணும். கௌசி, அத அவ பாஷையில சொல்லு."

கௌசி சொன்னாள். மனோன் கரண்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இந்த முறை அவள் 'மெர்சி' என்றபோது யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை.

அமலா மிஸ் வாசலுக்குப் போய்ப் போன் பேசினார். "இல்ல மேடம், பொண்ணு இங்கயே இருக்கட்டும். ஆமா மேடம். மன்னிச்சிக்கோங்க." வேன் காலியாகத் திரும்பிப் போனது. ஏசி அறையுள்ள அந்த வீட்டில், பெட்டி வரும் என்று காத்திருந்த ஒரு பெண் அன்றைக்கு அழுதிருப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு இடம் என்றால் பதின்மூன்றாவது ஆள் என்று ஒருவர் எப்போதும் உண்டு. நான் பல வரிசைகளில் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். கால் வலிக்கும். அப்புறம் வேறு வரிசைக்குப் போவோம்.

அன்று கஞ்சி. மறுநாள் காலை இட்லிப் பாத்திரத்தை அப்படியே ஹாலில் கொண்டுவந்து வைத்தாள் வசந்தா. மனோன் இரண்டு எடுத்துக்கொண்டாள். வசந்தா எதிரே உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். வேலையில்லாத கைகளை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை போல. இரண்டு முடிந்தது. மனோன் பாத்திரத்தைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. அவளே எட்டி, மூன்றாவதை எடுத்தாள்.

வசந்தா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள்! எட்டு இட்லிக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

இப்போது சிக்கல் வேறு திசையில். மே மாதத்துக்கு கௌசியைத் தயார் செய்யவேண்டும். ஒரு தடவைதான் கேட்பார்கள், அந்த ஒரு தடவையிலேயே 'உய்' சொல்லவேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! சாப்பாட்டு நேரத்தில் மனோன் பாத்திரத்தை நீட்டுவாள். கௌசி உடனே 'வேணாம் வேணாம்' என்று கையாட்டுவாள். மனோன் ஈவிரக்கமில்லாமல் பாத்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவாள். "போச்சி, இன்னிக்கி பட்டினி" என்பார் முருகன், தன் தட்டில் நிறைத்துக்கொண்டே. புதன்கிழமை மூன்று முறை தோற்றாள். வியாழக்கிழமை இரண்டு முறை. நேற்று, அப்பளம் நீட்டியபோது, முதல் கேள்விக்கே கண்ணை மூடிக்கொண்டு 'உய்' என்றாள். ஹாலே கைதட்டியது. நம் பெண்களுக்கு 'எனக்கு வேண்டும்' என்று சொல்ல மூன்று நாள் பயிற்சி தேவைப்படுகிறது. இதை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது?

நானும் சும்மா இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், முறைப்படி பிரெஞ்சு கற்கச் சேர்ந்திருக்கிறேன். டீச்சர், கௌசி. தினமும் அரை மணி நேரம், மாடியில்.

முதல் நாள் அவளிடம் கேட்டேன்: "'எனக்குத் தெரியாது'ன்னு பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?"

"அத நீங்க மொதல்ல தமிழ்ல சொல்லிப் பழகுங்க மாமா" என்றாள்.